நடுக்கத்துக்கு ஒன்று, மறதிக்கு ஒன்று: மோதிக்கொள்ளும் மாத்திரைகள்

புனே: ஓய்வூதியர்களின் நகரம் என்று புனேயை அழைப்பது நெடுநாளைய வழக்கம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கட்கி படைக்கலத் தொழிற்சாலையில் உழைத்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தம்பதியர் எனப் பலரும் முதுமையைக் கழிக்கும் ஊர் இது. இத்தகைய வீடுகளின் மேஜை மீது இரண்டு மருந்துச் சீட்டுகள் இருப்பதைக் காணலாம். ஒன்று நரம்பியல் நிபுணர் கை நடுக்கத்துக்காக எழுதியது. மற்றொன்று மனநல மருத்துவர் ஞாபக மறதிக்காக எழுதியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் யார் என்பதுதான் இப்போதைய கேள்வி.

பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதமும் டிமென்ஷியா எனப்படும் மறதி நோயும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது அரிதன்று. சிட்னியில் நடுக்குவாத நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த மருத்துவர்கள், அத்தனை காலம் உயிர் வாழ்ந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு மறதி நோயும் ஏற்பட்டிருந்ததை 2008-ல் வெளியிட்டனர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இரு நோய்களும் சேர்ந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை அரசியல் வாசகர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்தியவரும், பின்னாளில் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்தவருமான ஜார்ஜ் பெர்னாண்டஸ், அல்சைமர் நோயாலும் நடுக்குவாதத்தாலும் பாதிக்கப்பட்டிருந்தார். நாடாளுமன்றத்தை அதிர வைத்த அந்தக் குரல் அடங்கிப்போனது. அவரை யார் பராமரிப்பது என்ற வழக்கு 2010-ல் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஜனவரியில் அவர் காலமானார்.

எதிரெதிர்த் திசைகள்: மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால் நடுக்கமும் விறைப்பும் உண்டாகின்றன. அதை ஈடுகட்டத் தரப்படுவது லெவோடோபா. அசிடைல்கோலின் என்ற வேறொரு பொருள் குறைவது மறதிக்குக் காரணங்களுள் ஒன்று. அது சிதையாமல் காக்க டோனபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. இவற்றை லெவோடோபாவுடன் சேர்த்துத் தருவதில் பொதுவாகப் பெரிய தடை இல்லை.

சிக்கல் டிரைஹெக்சிபெனிடில் என்ற பழைய மாத்திரையிடம் இருக்கிறது. நடுக்கத்தைக் குறைக்கும் இம்மருந்து, அசிடைல்கோலினின் வேலையைத் தடுத்தே அதைச் செய்கிறது. அதாவது ஒரு மருத்துவர் எதைப் பெருக்க மாத்திரை எழுதுகிறாரோ, அதையே முடக்க மற்றொருவர் எழுதுகிறார். நோயாளி இரண்டையும் வேளை தவறாமல் விழுங்குகிறார். மறதி கூடுகிறது, நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மத்திய சுகாதார அமைச்சகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட 384 அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் இந்த டிரைஹெக்சிபெனிடிலும் உண்டு, டோனபெசிலும் உண்டு. விலையைக் கட்டுக்குள் வைக்க உதவும் பட்டியல் அது. எதனுடன் எது சேரக் கூடாது என்று சொல்வது அதன் வேலையன்று.

மறதி மாத்திரையும் நடுக்கத்தைத் தூண்டக்கூடும். நடுக்குவாதத்துடன் மறதியும் உள்ள 541 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், ரிவாஸ்டிக்மின் உட்கொண்டவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு நடுக்கம் கூடியது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 4 சதவீதமே. ஆயினும் நினைவாற்றலில் மிதமான பலன் தெரிந்ததால், 2006-ல் அமெரிக்கா இம்மருந்தை நடுக்குவாத மறதிக்கு அனுமதித்தது. நன்மை, தீமை இரண்டையும் எடைபோட்டு எழுத வேண்டிய மருந்து அது.

இல்லாத மனிதர்கள்: இதைவிட ஆபத்தானது அடுத்த கட்டம். லெவோடோபாவின் அளவு கூடும்போது சிலருக்கு இல்லாத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். நள்ளிரவில் எழுந்து, அறைக்குள் யாரோ நிற்பதாகச் சண்டையிடுவார்கள். பயந்துபோன குடும்பம் அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடும். அங்கே ஹாலோபெரிடால் ஊசி போடப்பட்டால், அது டோபமைனைத் தடுத்துவிடும். நேற்றுவரை நடந்தவர் மறுநாள் கட்டிலை விட்டு எழ மாட்டார். தவிர்க்க முடியாத நிலையில் குவெட்டியாபின், குளோசபின் ஆகியவற்றையே சிறிய அளவில், கண்காணிப்புடன் நிபுணர்கள் தருகின்றனர். மறதி நோயுள்ள முதியோருக்கு இவ்வகை மனநல மருந்துகளால் உயிரிழப்பு அபாயம் கூடுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது.

கடையில் கேட்டு வாங்கும் பொருள்களும் கணக்கில் சேரும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் அவில் மாத்திரை மறதியை அதிகரிக்கலாம். வாந்திக்குத் தரும் மெட்டாகுளோபிரமைடு நடுக்கத்தைக் கூட்டும். டோனபெசிலால் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்ந்தால், அதை நிறுத்த எழுதப்படும் மாத்திரை பெரும்பாலும் டோனபெசிலுக்கே பகையாக இருக்கும். நாட்டு மருந்தாகத் தரப்படும் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடுபவர், தெரியாமலேயே அளவைக் கூட்டிக்கொள்கிறார்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இந்திய பார்மசி கவுன்சில் 2015 ஜனவரியில் அறிவித்த விதிமுறைகளின்படி, மருந்து ஒன்றுக்கொன்று மோதுகிறதா என்று சீட்டைப் பரிசீலிப்பதும், நோயாளிக்கு ஆலோசனை கூறுவதும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் கடமை. விதி வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. மாலை நேர நெரிசலில், பழைய அட்டையைக் காட்டி "இதே மாதிரி ஒரு பட்டை" என்று கேட்பவரிடம் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்கும் கடைகள் எத்தனை என்பதை, கடைக்குப் போய் வருபவர்களே அறிவார்கள்.

அரசு செய்யாததில் ஒரு பகுதியைப் புனே நகரம் தானே செய்துகொண்டது. நடுக்குவாத நோயாளிகளும் குடும்பத்தினரும் இணைந்த பார்க்கின்சன் மித்ர மண்டல் இங்கு இயங்குகிறது. நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் அவர்களுக்காக நடன வகுப்புகளை நடத்திக் காட்டினார். இவ்வூர் இயக்குநர்களான சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இணை எடுத்த "அஸ்து" மராத்திப் படத்தில், மறதி நோய்க்கு ஆளான சமஸ்கிருத அறிஞராக வாழ்ந்து காட்டிய மோகன் அகாஷே, தொழிலால் மனநல மருத்துவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மோதல் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், மாத்திரையைத் தாமே நிறுத்துவது கூடாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாச் சீட்டுகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உள்பட, ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மருந்தால் ஏற்பட்ட பக்க விளைவுகளைக் காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் நோயாளிகளின் குடும்பத்தாரும் தெரிவிக்கலாம்.