நீரியல் பொறியியல் கல்வியில் ஏரிச் சொற்கள்

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் குடிசார் பொறியியல், இயந்திரப் பொறியியல் ஆகிய பட்டப்படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அதனோடு எழும் கலைச்சொல் சிக்கல், நீர் அமைப்புகளின் வடிவமைப்பைக் கற்பிக்குமிடத்து வேறு தன்மை கொள்கிறது. பிற பாடங்களுக்குச் சொற்களை ஆக்க வேண்டும். இங்கோ அவை ஏரியோடும் கண்மாயோடும் முன்பே வழங்குகின்றன.

தூம்பு, கலிங்கு என்பன ஒருபொருட் பன்மொழி அல்ல. பாசனத்திற்கு அளவோடு நீர் விடுவது தூம்பு. மிகைநீரைக் கழித்துக் கரையைக் காப்பது கலிங்கு. கரையிலன்றி நீர்ப்பரப்பின் உட்புறத்தே அமைவது குமிழித்தூம்பு. அதன் மேல்துளையை நீரோடி என்றும் அடித்துளைகளைச் சேறோடி என்றும் கூறுவர். நீருக்கும் வண்டலுக்கும் தனித்தனி வழி வகுத்த வடிவமைப்பை இப்பெயர்களே விளக்கிவிடுகின்றன. நீர்த்தேக்கங்கள் வண்டலால் கொள்ளளவு இழக்கும் இந்நாளில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

ஆங்கிலேயர் காலச் சென்னை மாகாணப் பொறியாளர்கள் கலிங்கல் என்பதைப் பெயர்க்காமல், 'காலிங்குலா' எனத் திரித்தேனும் தம் மொழியில் ஏற்றனர். அதே உறுப்பை நாம் ஆங்கிலப் பாடநூல் வழியாக 'மிகைநீர் வழிந்தோடி' என மீளப் பெயர்த்தால், ஏரிக்கரையில் நீர்க்கட்டி சொல்வது மாணவருக்கு விளங்காது. ஆகவே இப்பயிற்சிக்குரிய சொற்றொகுதியைக் கல்வெட்டுச் சான்றோடும் கள வழக்கோடும் ஒப்பிட்டுத் தொகுக்கும் பணியில் தமிழ்த்துறையும் பங்கேற்றல் வேண்டும்.