கோபுரத்துக்கு அடியில் ஒரு ராஜா

கடலூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கோபுரம் போட்ட வெள்ளிக்காசு கிடைத்ததாம். கோபுரத்தின் ஓரமாக ஒரு மூக்கு தெரிகிறதாம். "தெய்வக் குத்தமா சார்?"

குத்தமெல்லாம் இல்லை அம்மா. அது அநேகமாக ஸ்பெயின் ராஜாவின் மூக்கு.

உங்களிடம் இருப்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணயச் சாலை 1807-ஐ ஒட்டி அடித்த அரை வராகன். ஒரு பக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே கோபுரம். மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு என்று கணக்கு ஓடிய காலம் அது.

வெள்ளி எங்கிருந்து வந்தது? அன்றைய உலகத்து வெள்ளியில் பெரும்பங்கு மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையிலும் தோண்டியது. பொத்தோசியின் சுரங்கங்களுக்குள் பூர்வகுடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டாய வேலைக்கு இறக்கினார்கள். அந்த வெள்ளிதான் சுமார் 27 கிராம் எடையில், ஸ்பெயின் ராஜாவின் தலை பொறித்த 8 ரியால் நாணயமாகி, கப்பலேறி உலகம் சுற்றியது. அமெரிக்காவில்கூட 1857 வரை அது செல்லுபடியான பணம். சீன வியாபாரிகள் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்தி வாங்கினார்கள்.

சென்னையில் அதன்மேல் கோபுரமே இறங்கியது. உருக்கி, தகடாக்கி, வில்லை வெட்ட நேரமும் கூலியும் ஆகும். அதனால் வந்த நாணயத்தையே வில்லையாக வைத்து, புது அச்சால் ஓங்கி அடித்தார்கள். அடி முழுதாக இறங்காத இடத்தில் பழைய உரு தங்கிவிடும். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் பாட்டி பேரைத் தட்டி நசுக்கி அம்மா பேரை வெட்டினார்கள். தண்ணீர் பட்டு மினுங்கும்போது இன்றும் பாட்டி பேரின் முதலெழுத்து எட்டிப்பார்க்கும். அதே கதைதான்.

காசில் தங்கிய இந்தப் பழைய உருவின் நிழலுக்கு எமன் நம் வீடுகளில்தான் இருக்கிறான். விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்; பற்றவைத்துக் கொக்கி மாட்டுவார்கள்; 'கறுத்துப்போச்சு' என்று எடைக்குப் போட்டுக் கொலுசாக்குவார்கள். கறுப்பு அழுக்கல்ல, வெள்ளியின் வயசு. என் பெரியம்மா ஒருமுறை புளி போட்டுத் தேய்த்த காசில் என்ன ஆண்டு என்பதே போய்விட்டது. அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே தேய்க்காதீர்கள். காலை வெயிலில் காசைச் சாய்த்துப் பிடியுங்கள். அந்த மூக்குக்குப் பக்கத்தில் தேய்ந்த ரோமன் எழுத்து ஏதாவது தெரிகிறதா பாருங்கள். ஸ்பெயின் ராஜா நான்காம் கார்லோஸ் என்றால் வலப்பக்கம் பார்த்தபடி இருப்பார்.