மாமிக்கு அரைக் கிண்ணம் கஞ்சி

"இன்னும் ஒரு கை வைக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவதுதான் நம் வீடுகளில் அன்பு. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவருக்கு அந்த அன்பே உபத்திரவமாகிவிடும்! என் கணவரின் தாயாரை (எங்கள் குழித்துறைப் பக்கம் 'மாமி' என்போம்) கவனித்துக்கொண்டதில் நான் தெரிந்துகொண்டவை, இதே கஷ்டத்தில் இருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படட்டும்.

எப்படி ஆரம்பிக்கும்?

2022 ஆடி, வாவுபலி சமயம். "புட்டு நெஞ்சுல தட்டி நிக்கு மக்களே" என்றார்கள் மாமி. அடுத்து மரச்சீனி இறங்கவில்லை, பிறகு சோறு. கடைசியில் கஞ்சித் தெளிவு மட்டும்தான். உடம்பும் இளைத்தது. முதலில் கெட்டி ஆகாரம், பிறகு குழைந்தது, பிறகு தண்ணீர் என்று வரிசையாகத் தடைப்படுவது இந்த நோயின் முக்கிய அடையாளம். 'வாயு' என்று ஓமத்தண்ணீர் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. குழாய் விட்டுப் பார்க்கும் எண்டாஸ்கோப்பியும் சதைப் பரிசோதனையும்தான் உண்மையைச் சொல்லும்.

புகையிலை, மது, பாக்கு ஆகியவை இந்த நோய்க்குக் காரணமாகின்றன. மாமிக்கு வெற்றிலையும் போயிலையும் நாற்பது வருஷப் பழக்கம். எங்கள் மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் ஆர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுநோய் பற்றி 1933-லேயே 'லான்செட்' பத்திரிகையில் எழுதியிருக்கிறார். கொதிக்கக் கொதிக்க, 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் அறிவித்தது. சாயாவை ஆற்றிக் குடியுங்கள்!

சிகிச்சை நாட்கள்

திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு எங்கள் பக்கத்து நோயாளிகள் பலர் போகிறார்கள். ரயிலில் போகிறவர்கள் டாக்டரிடம் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் கட்டணம் குறையும்.

மாமிக்கு வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம் கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒரு முறை மருந்து. மூன்றாம் வாரத்தில் எச்சில் விழுங்கினால்கூட எரிந்தது. காரம், புளி, சூடு எல்லாவற்றையும் நிறுத்தினோம். கூவைமாவுக் கஞ்சி, வேகவைத்து மசித்த ஏத்தன்பழம், முள் நீக்கிக் குழைத்த மீன், தயிர் ஆகியவை இறங்கின. எதுவுமே இறங்காதவர்களுக்கு டாக்டர்கள் குழாய் வழியாக ஆகாரம் கொடுப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். உடம்பில் தெம்பு இருந்தால்தான் சிகிச்சையைத் தாங்க முடியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

நோயுள்ள குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய்போல் ஆக்கி மேலே இழுத்து இணைத்தார்கள். ஆகாரத்தைச் சேர்த்து வைக்கும் பை இனி இல்லை. ஆகவே:

* ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம். நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளை. நன்றாக மென்று, மெதுவாக.
* தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், அரை மணி தள்ளிக் குடிக்க வேண்டும்.
* சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. இரவில் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம்.
* பாயசம், சர்க்கரை அதிகம் போட்ட பானம் வேண்டாம். படபடப்பு, வியர்வை, பேதி வரும்.
* மறுபடி தொண்டையில் தட்டினால், நோய் திரும்பிவிட்டதென்று கலங்காதீர்கள். தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம். அதை விரித்துவிட முடியும். ஆனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல், மூச்சுத் திணறல், விழுங்கும்போது இருமல் இருந்தால் காத்திருக்கவே கூடாது.

பார்க்க வந்த உறவுக்காரர்கள், "மருமவ கிண்ணம் பாத்து ஊத்துறா" என்று அடுக்களை வாசலிலேயே பேசினார்கள். கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மாமிதான் சொன்னார்கள்: "எனக்க வயிறு இப்போ கைப்பிள்ளைக்க வயிறாக்கும். அவ தாறதுதான் எனக்குக் கணக்கு."

இப்போது மாமி இட்டிலி சாப்பிடுகிறார்கள், பாதி பாதியாக. எடை பழையபடி ஏறவில்லை, குறையவும் இல்லை. வெற்றிலைப் பெட்டியில் பொத்தான்கள் இருக்கின்றன.

ஒன்று மட்டும், சகோதரிகளே. நோயாளியின் எட்டு வேளையை எண்ணும்போது உங்கள் மூன்று வேளையையும் சேர்த்து எண்ணுங்கள். கவனிக்கிறவள் பட்டினி கிடந்தால் அந்த வீட்டில் நோயாளி இருவராகிவிடுவார்கள்!