படம் உண்டு, ஒலி இல்லை

தீபாவளியன்று தில்லியிலோ நாகபுரியிலோ உள்ள நம் இல்லத்தில், தொலைக்காட்சியில் இணையவழித் தமிழ்ப் படம் ஓடுகிறது. ரிசீவரோடு பூட்டிய ஒலிபெருக்கிகள் மட்டும் ஊமையாய் நிற்கின்றன. புதிய ரிசீவருக்குப் பணம் தேடுமுன், அதனுடன் நேரே இணைத்த டிஸ்க் பிளேயரை ஓட்டிப் பாருங்கள். அதில் ஒலி வருமாயின் ரிசீவர் நலமே. தொலைக்காட்சியின் ஒலி அதனிடம் திரும்பும் வழியில்தான் குறை.

எச்.டி.எம்.ஐ. கம்பி, ரிசீவரிலிருந்து தொலைக்காட்சிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டு செல்வது. எதிர்த்திசையில் ஒலியை அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி, 2009இல் வெளியான 1.4ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. தொலைக்காட்சியில் பெரும்பாலும் அவ்வெழுத்துக்கள் பொறித்த ஒரே துளைக்கே அவ்வசதி உண்டு. பக்கத்துத் துளையில் கம்பியைச் செருகினாலும் பிளேயரின் படம் பழுதின்றித் தெரியும். ஆகவே இணைப்புச் சரியென்றே நாம் மயங்குகிறோம். கெட்டிக்காரர்களும் இங்கே ஏமாந்ததுண்டு.

துளை சரியானதே எனில், இரு கருவிகளிலும் ஏ.ஆர்.சி., சி.இ.சி. அமைப்புகளை இயக்கி, மின்னிணைப்பைச் சில நிமிடம் அகற்றி மீண்டும் கொடுங்கள். அப்பொழுதும் மௌனமெனில், தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். என மாற்றுங்கள், ரிசீவர் அறியாத குறிமுறையில் ஒலி வந்திருக்கலாம். ஏ.ஆர்.சி. இல்லாத பழைய ரிசீவருக்கு ஆப்டிகல் கம்பி ஒன்றைத் தனியே இட்டு, ரிசீவரில் அந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.