இறக்கையை விட்டு அகலும் காற்று

சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் பறப்பன இருவகை உண்டு. மேற்கே தெங்கா விமானத் தளத்திலிருந்து எழும் போர் விமானங்கள் ஒருவகை. வடக்கே கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் சதுப்புக் கரையில் திரியும் தட்டான்கள் மற்றொரு வகை. விமானத்தின் இறக்கை வழவழப்பானது. தட்டானின் இறக்கையோ ஓலை விசிறியைப் போல் மடிப்பு மடிப்பாக அமைந்தது. காற்றில் வழுக்கிச் செல்ல வழவழப்பே உகந்தது என்று எண்ணுவோர்க்கு இது புதிராகத் தோன்றும். விடை, இறக்கையை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில் இருக்கிறது.

1904ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித அறிஞர் மாநாட்டில் லூட்விக் பிராண்டில் என்பார் இப்படலத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை படித்தார். கையால் சுழற்றும் சக்கரம் பூட்டிய நீர்த்தொட்டியில் அப்பிரகத் துகள்களைத் தூவி, நீரின் ஓட்டத்தைக் கண்ணால் கண்டவர் அவர். ஓடும் நீரோ காற்றோ, பொருளின் பரப்பில் நழுவுவதில்லை. அங்கே அதன் வேகம் சுழி. சிறிது விலகினால் முழு வேகம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பகுதியே எல்லைப் படலம். சுழி என்னும் ஒரே சொல் தமிழில் பூச்சியத்தையும் நீர்ச்சுழலையும் குறிப்பது இங்கே மிகவும் பொருந்தும். பரப்பில் வேகம் சுழியாவதனாலேயே பின்னர் ஓட்டத்தில் சுழி பிறக்கிறது.

அது எவ்வாறு? இறக்கையின் மேடான முன்பகுதியைக் கடக்கும்போது காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது. பின்பகுதியில் அழுத்தம் மீண்டும் உயர்கிறது. உயரும் அழுத்தத்தை எதிர்த்துச் செல்வது வண்டி மேட்டில் ஏறுவதை ஒக்கும். விரைந்து வரும் வண்டி ஏறிவிடும். தளர்ந்து வருவது நடுவழியில் நின்று பின்னோக்கி உருளும். பரப்பை ஒட்டிய காற்று தளர்ந்த வண்டி. அது நின்று, திரும்பி, மேலே வரும் ஓட்டத்தைப் பரப்பினின்று தூக்கிவிடுகிறது. இதுவே படலம் பிரிதல்.

பிரிந்த படலம் நெடுந்தூரம் அமைதியாகச் செல்வதில்லை. மேலே விரைந்த காற்று. கீழே ஏறக்குறைய அசைவற்ற காற்று. இடைப்பட்ட ஏட்டில் மிகச் சிறிய அலை ஒன்று எழுந்தாலும் போதும். அலையின் முகட்டின்மேல் ஓட்டம் விரைவதால் அங்கே அழுத்தம் குறைந்து முகடு மேலும் உயரும். பள்ளம் மேலும் ஆழும். சிறு குறை தன்னைத்தானே வளர்க்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868இலும் கெல்வின் 1871இலும் ஆராய்ந்த நிலையின்மை இதுவே. விரைவில் அலை மடிந்து, பாய் சுருட்டுவதுபோல் சுருண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல்கள் உருவாகின்றன.

சுழல் என்றதும் கேடு என்று கொள்ள வேண்டா. அது மேலேயுள்ள விரைந்த காற்றை வாரிக் கீழே கொணர்ந்து, தளர்ந்த படலத்திற்கு ஊக்கம் தருகிறது. ஊக்கம் பெற்ற ஓட்டம் மீண்டும் பரப்பில் வந்து ஒட்டுகிறது. பிரிந்த இடத்திற்கும் ஒட்டிய இடத்திற்கும் நடுவே சிக்கிய பகுதியைப் ‘பிரிவுக் குமிழி’ என்பர். குமிழி சிறிதாயின் இழப்பு சிறிது. இறக்கையின் முனை மிக நிமிரும்போது அது சிதறி, ஓட்டம் மீண்டும் ஒட்டாமற்போனால், தூக்கும் விசை திடீரெனக் குறையும். தாழப் பறக்கும்போது இது நேர்ந்தால் விமானியால் மீள்வது அரிது.

ஒழுங்காகச் செல்லும் படலம் எளிதில் பிரியும். கலங்கிய படலம் பற்றிக்கொள்ளும். கோல்ஃப் பந்தின் குழிகள் செய்யும் வேலையும் இதுதான். ஒழுங்கோட்டம் கலங்கலாக மாறும் இடைநிலையைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவானும் ரொத்தம் நரசிம்மாவும் ஆராய்ந்து, 1958இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தவான் பின்னாளில் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்.

இனித் தட்டானுக்கு வருவோம். ஓட்டத்தின் தன்மையை அறிய அறிஞர் கையாளும் அளவு ரெனால்ட்ஸ் எண். வேகத்தையும் இறக்கையின் அகலத்தையும் பெருக்கிக் காற்றின் இயக்கப் பாகுத்தன்மையால் வகுத்தால் அது கிடைக்கும். ஒரு சென்டிமீட்டர் அகல இறக்கையுடன் வினாடிக்கு மூன்று மீட்டர் மிதக்கும் தட்டானுக்கு அது ஏறத்தாழ 2,000. போர் விமானத்திற்கோ கோடிக்கணக்கு. எண் பெரிதாயின் படலம் பிரியுமுன்னரே தானாகக் கலங்கிவிடும். தட்டானுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆயினும் இறக்கையின் மடிப்புப் பள்ளங்களில் சிறு சுழல்கள் தங்கி உருளைகளைப்போல் சுழல, வெளிக்காற்று அவற்றின்மேல் ஏறிச் செல்கிறது. காற்றைப் பொறுத்தவரை மடிப்புகள் நிரவப்பட்டுவிட்டன. மிதக்கும்போது மடிப்பிறக்கை வழவழப்பான இறக்கைக்கு அத்துணை தாழ்ந்ததன்று என்பதை ரீஸ் என்பார் 1975இல் சோதனையால் காட்டினார். எடை குறைந்தும் வளையாத உறுதி தருவது மடிப்பின் மற்றொரு பயன். ஒருவேளை அதுவே முதற்பயனாகவும் இருக்கலாம்.

இவ்விரண்டிற்கும் நடுவே இன்று மூன்றாம் வகை ஒன்று வந்திருக்கிறது: ஆளில்லாச் சிறு விமானம். 15 சென்டிமீட்டர் இறக்கையுடன் வினாடிக்குப் பத்து மீட்டர் செல்வதற்கு ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ ஓர் இலட்சம். பிரிவுக் குமிழி மிகுந்த தொல்லை தருவது இவ்வளவில்தான். காற்று சற்று வேகம் குறைந்தாலும் குமிழி நீளும். பெரிய விமானத்தைப் பார்த்து வரைந்த இறக்கை இங்கே பொய்த்துப்போகும். ஆதலின் அத்தகைய இறக்கைகள் சிலவற்றின் முன்பகுதியில் மெல்லிய சொரசொரப்பான நாடா ஒன்றை வேண்டுமென்றே ஒட்டுகின்றனர்.