வீழ்ந்த மான்கள் எத்தனை?

காட்டில் உயிரோடு திரியும் மான்களை எண்ணுதல் அரிது என்பதை எவரும் ஒப்புவர். சுட்டு வீழ்த்திய மான்களை எண்ணுதலும் அரிதே என்றால் நம்புவோர் சிலரே. வீழ்ந்த மான்கள் ஓரிடத்திற் குவிக்கப்படுவதில்லை. பல்லாயிரம் வேட்டைக்காரரின் வாகனங்களிலேறிப் பல்லாயிரம் வீடுகளுக்குப் போய்விடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் இத்தொகையை மதிப்பிடும் முறைகளை ஈண்டு விளக்க முயல்வோம்.

அந்நாட்டில் மான் வேட்டையை ஒழுங்குசெய்வது அவ்வம் மாநிலத்தின் பொறுப்பு. அடுத்த பருவத்திற் பெண்மான்களைச் சுடுவதற்கு எத்தனை அனுமதிப்பத்திரம் வழங்கலாம் என்பதை அறிய, சென்ற பருவத்து வேட்டைத்தொகை இன்றியமையாதது. மிகுதியாக வழங்கினால் மான்தொகை தேயும். குறைவாக வழங்கினால், காட்டின் இளமரக்கன்றுகளை மான்கள் மேய்ந்து தீர்த்துவிட, முதுமரம் வீழ்ந்த இடத்தை நிரப்ப ஒன்றும் எஞ்சாது.

வேட்டைக்காரர் அனைவரும் தத்தம் மானைச் சோதனை நிலையத்துக்குக் கொணர்ந்து காட்டவேண்டும் என விதித்தல் ஒரு முறை. பற்களின் தேய்வைக் கண்டு வயதையும் அங்கேயே கணிக்கலாம். ஆயினும் செலவும் ஆட்களும் மிக வேண்டும். விஸ்கொன்சின் மாநிலம் இம்முறையைக் கைவிட்டு, 2015 முதல் தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் மூலம் பதிவுசெய்ய வைத்தது.

சிலரை மட்டும் தெரிந்தெடுத்துத் தபால் மூலம் வினவுதல் பிறிதொரு முறை. இங்கே மனித இயல்பு குறுக்கிடுகிறது. மானை வீழ்த்தியவன் மகிழ்ச்சியோடு விடையெழுதுவான். வெறுங்கையோடு திரும்பியவன் கடிதத்தை ஒதுக்கிவிடுவான். வந்த விடைகளை மட்டும் நம்பினால் தொகை பெருகித் தோன்றும். ஆதலின் விடை தராதோருட் சிலரை மீண்டும் தேடி வினவித் திருத்தம் செய்வர்.

பென்சில்வேனியாவில் இடர் இதற்கு நேர்மாறானது. மானை வீழ்த்தியவர் அறிவித்தே தீரவேண்டும் என்பது அங்குச் சட்டம். அறிவிப்போரோ பாதிக்கும் குறைவு. சட்டம் இருந்தும் பயனில்லை என அம்மாநில வேட்டை ஆணைக்குழு கைகட்டி நிற்கவில்லை. வேட்டைப் பருவத்தில் அதன் உத்தியோகத்தர் இறைச்சி வெட்டும் நிலையங்களுக்குச் சென்று, அங்கு வந்துள்ள மான்களின் பாலையும் வயதையும் குறித்து, அவற்றோடு கட்டிய சீட்டுகளின் விபரங்களையும் எழுதிக்கொள்வர். பின்னர் அம்மான்களுள் எத்தனை அறிவிக்கப்பட்டன என ஒப்புநோக்குவர்.

விளக்கத்திற்காக ஒரு கணக்கு: உத்தியோகத்தர் கண்டவை 1,000, அவற்றுள் அறிவிக்கப்பட்டவை 360. எனவே நூற்றுக்கு 36 மான்களே அறிவிக்கப்படுகின்றன. வந்த அறிவிப்புகள் மொத்தம் 9,000 ஆயின், வீழ்ந்த மான்கள் ஏறத்தாழ 25,000. உயர்தர வகுப்பு மாணவர் இதில் விகிதசமன் அன்றி வேறொன்றும் காணார். டென்மார்க்கு நாட்டுப் பீற்றர்சன் மீன்களைக் கொண்டும், அமெரிக்கரான லிங்கன் 1930 இல் வாத்துகளைக் கொண்டும் கையாண்ட கருத்தே இது. 2023-24 பருவத்தில் அம்மாநிலத்தில் வீழ்ந்த மான்கள் ஏறத்தாழ 430,000 என இவ்வாறே மதிப்பிடப்பட்டது.

இம்முறையின் தலையாய சிறப்பு, அறிவியாதோரைத் தேடித் திரியாமலே அவர்தம் அளவை அறிதல் என்போம். கொம்புள்ள ஆண்மானை வீழ்த்தியவனும் பெண்மானை வீழ்த்தியவனும் ஒரே ஆர்வத்தோடு அறிவிப்பர் எனக் கொள்ளலாகாது. ஆகவே இருவகைக்கும் விகிதம் வேறாகக் கணிக்கப்படும். மாநிலத்தின் பகுதிகளுக்கும் அவ்வாறே. பகுதி சிறிதாகி ஒப்புநோக்கிய மான்கள் குறையுந்தோறும் பிழையெல்லை விரியும்.

எனினும் இக்கணக்கு ஓர் எடுகோளின் மீது நிற்கிறது. இறைச்சி நிலையத்துக்கு மானைக் கொடுப்பவரும், வீட்டிலே தாமே வெட்டிக்கொள்பவரும் ஒரே அளவில் அறிவிக்கின்றனர் என்பதே அது. இஃது எங்கும் முற்றப் பொருந்துமோ என ஐயுறுதல் தகும். மேலும், குண்டுபட்டு ஓடிப் புதரிடை மடிந்த மானும், களவாகச் சுடப்பட்ட மானும் எந்த நிலையத்துக்கும் வருவதில்லை; எந்த அறிவிப்பிலும் இடம்பெறுவதில்லை. கழுத்தில் வானொலிப் பட்டி பூட்டிய மான்களைப் பின்தொடர்ந்தே அவ்விழப்பை மதிப்பிட வேண்டியிருக்கிறது.