காசு போடும் முன் ஒரு புத்திமதி

அமெரிக்க விளையாட்டு எந்திரங்களில் துப்பறியும் இலாகா எழுதி வைத்த வாசகம்

கடையில் கூட்டம் இல்லை. வீடியோ விளையாட்டு எந்திரம் தனியாக நிற்கிறது. ஆனால் அதன் திரை சும்மா இருப்பது இல்லை. யாரும் காசு போடாத நேரத்தில் அதுவே ஆட்டத்தைக் கொஞ்சம் ஆடிக் காட்டும். குத்து விழும். பீப்பாய் உடையும். அடுத்து, அதிக மார்க் வாங்கியவர்களின் பட்டியல் வரும். தெருவில் போகிற பையனைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிற வேலை அது.

இந்த வேடிக்கைக்கு நடுவே திடீர் என்று திரை நீல நிறம் ஆகும். வட்ட வடிவில் ஒரு முத்திரை தோன்றும். அது அமெரிக்க மத்திய துப்பறியும் இலாகாவான எப்.பி.ஐ.யின் முத்திரை. அதோடு ஒரு வரி:

"வின்னர்ஸ் டோன்ட் யூஸ் டிரக்ஸ்."

ஜெயிக்கிறவன் போதைப்பொருளைத் தொட மாட்டான் என்று அர்த்தம். அடியில் ஒரு பெயர். வில்லியம் எஸ்.செஷன்ஸ், டைரக்டர், எப்.பி.ஐ.

சில வினாடிகள்தான். மறுபடியும் குத்து, மறுபடியும் உதை.

1989-ம் ஆண்டு ஜனவரி மாதம் தொடங்கி 2000-ம் ஆண்டு வரை, அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எத்தனையோ எந்திரங்களில் இந்த வாசகம் ஓடியது. "பைனல் பைட்", "ஸ்ட்ரீட் பைட்டர்-2" போன்ற பெயர் பெற்ற ஆட்டங்களில் எல்லாம் இது உண்டு. ஆட்டங்களில் பல ஜப்பான் நாட்டுக் கம்பெனிகள் தயாரித்தவை. ஜப்பானில் ஓடிய அதே ஆட்டத்தில் இந்த முத்திரையைக் காண முடியாது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் மட்டும் சேர்த்து அனுப்பினார்கள்.

எந்திரமே போதை என்றவர்கள்

வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் இந்த எந்திரங்களையே ஒரு போதை என்றுதான் அங்கே பேசிக்கொண்டு இருந்தார்கள்.

1981-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்க மக்கள் இந்த எந்திரங்களில் 2 ஆயிரம் கோடி கால் டாலர் நாணயங்களைப் போட்டதாக "டைம்" பத்திரிகை கணக்குச் சொன்னது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக் காசை எந்திரத்தில் போடுகிறார்கள் என்று தாய்மார்கள் புலம்பினார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரத்தை ஒட்டி மெஸ்கீட் என்ற ஊர் இருக்கிறது. 17 வயது ஆகாதவர்கள் பெற்றோரோ கார்டியனோ உடன் வராமல் இந்த எந்திரங்களைத் தொடக் கூடாது என்று அந்த ஊர் நகரசபை சட்டம் போட்டது. விளையாட்டுக்கூடம் நடத்திய கம்பெனி வழக்குத் தொடுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1982-ல் கோர்ட்டு வயது விஷயத்தில் முடிவு சொல்லாமல் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

அதே 1982-ம் ஆண்டு நவம்பர் மாதம், அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் எவரெட் கூப் பிட்ஸ்பர்க் நகரத்தில் பேசினார். பிள்ளைகள் உடலாலும் உள்ளத்தாலும் வீடியோ விளையாட்டுக்கு அடிமை ஆகி வருகிறார்கள் என்றார் அவர். நாடெங்கும் பரபரப்பு. மறுநாளே, "அது என் சொந்தக் கருத்து. அதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை" என்று அவர் விளக்கம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

அரசாங்கத்தின் பெரிய டாக்டர் குறை சொன்ன அதே பெட்டியில், ஏழு வருஷம் கூட ஆகவில்லை, அரசாங்கத்தின் பெரிய போலீஸ் அதிகாரி புத்திமதி சொன்னார்! எந்திரத் தயாரிப்பாளர்களின் சங்கத்துக்கும் இது வசதியாகத்தான் இருந்திருக்கும். கெட்ட பெயர் எடுத்த கடைக்கு எப்.பி.ஐ. முத்திரையை விட நல்ல சர்டிபிகேட் வேறு என்ன வேண்டும்?

முட்டையும் மூளையும்

1980-களில் அமெரிக்கா போதைப்பொருள் பயத்தில் நடுங்கிக்கொண்டு இருந்தது. ஜனாதிபதி ரீகனின் மனைவி நான்சி, 1982-ம் ஆண்டு முதல் ஊர் ஊராகப் போய், "யாராவது போதைப்பொருளை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி விடுங்கள்" என்று பள்ளிப் பிள்ளைகளிடம் பிரசாரம் செய்தார். 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் வகுப்பறைகளுக்கே போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். 1987-ல் டெலிவிஷனில் ஒரு விளம்பரம் வந்தது. காய்ந்த வாணலியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். அது பொரியும். "போதைப்பொருள் தின்றால் உன் மூளை இப்படித்தான் ஆகும்" என்று ஒரு குரல் சொல்லும்.

அப்போது "கிராக்" என்ற புதுச் சரக்கு நகரங்களில் பரவி இருந்தது. கொக்கெய்ன் பொடியைச் சோடா உப்புடன் காய்ச்சிக் கட்டியாக்கிப் புகைப்பது. சில டாலர் இருந்தால் ஒரு கட்டி வாங்கலாம். 1986 ஜூன் மாதம் லென் பயஸ் என்ற 22 வயது கூடைப்பந்து வீரர், பெரிய கிளப் ஒன்றில் தேர்வான இரண்டே நாளில், கொக்கெய்ன் எடுத்து மாண்டு போனார். நாடே அதிர்ந்தது.

ஜெயிக்கிறவர்கள் தொடுவதில்லை என்ற வாசகம் எந்திரங்களில் ஏறுவதற்கு நாலு மாதம் முன்னால் இன்னொன்று நடந்தது. 1988 செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக் போட்டி. 100 மீட்டர் ஓட்டத்தில் கனடாவின் பென் ஜான்சன் 9.79 வினாடியில் ஓடி உலகத்தையே வாய் பிளக்க வைத்தார். மூன்றாம் நாள் அவருடைய தங்கப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஊக்கமருந்து! ஜெயித்தவனும் தொடுவான் என்பது கூடைப்பந்து பார்த்த பையனுக்கும் தெரியும், ஓட்டப்பந்தயம் பார்த்த பையனுக்கும் தெரியும். ஆனாலும் பையன்களிடம் உடம்பைப் பற்றிப் பேசினால் எடுபடாது, ஜெயிப்பதைப் பற்றிப் பேசினால்தான் காதில் ஏறும் என்று வாசகத்தை எழுதியவர்கள் நினைத்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. எந்திரத்தின் முன் நிற்பவனுக்கு அந்த நேரத்தில் வேறு நினைப்பு ஏது?

கால் டாலரை விடக் குறைந்த எடை

வாசகம் மென்மையானது. சட்டம் அப்படி இல்லை.

1986-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டப்படி, 5 கிராம் கிராக் விற்றுப் பிடிபட்டால் குறைந்தது 5 வருடம் ஜெயில். நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க முடியாது. 1988-ல் கொண்டு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. விற்க வேண்டாம், 5 கிராமுக்கு மேல் கையில் வைத்திருந்தாலே 5 வருடம் என்றது.

அதே கொக்கெய்ன் பொடியாக இருந்தால்? 500 கிராம் விற்றால்தான் அந்த 5 வருடம்! பொடி பணக்காரன் சரக்கு. கிராக் ஏழை சரக்கு. சரக்கு ஒன்றுதான், தண்டனையில் நூறு மடங்கு வித்தியாசம். கிராக் வழக்குகளில் மத்திய கோர்ட்டுகளில் தண்டனை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பு இனத்தவர்கள்.

அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தின் எடை 5.67 கிராம். ஒரு பையன் எந்திரத்தில் போட்ட காசை விட எடை குறைந்த ஒரு பொட்டலம், அவனுடைய அண்ணனை 5 வருடம் உள்ளே வைக்கப் போதுமானதாக இருந்தது.

இந்த அநியாயம் 24 வருடம் நீடித்தது. 2010-ம் ஆண்டு ஒபாமா காலத்தில்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 5 கிராம் என்பதை 28 கிராம் ஆக்கினார்கள். வைத்திருந்தாலே 5 வருடம் என்ற விதியை எடுத்தார்கள். நூறு மடங்கு பதினெட்டு மடங்கு ஆனது. சமம் ஆகவில்லை.

பலன் உண்டா?

சரி, புத்திமதி பலித்ததா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1975-ம் ஆண்டு முதல் வருடந்தோறும் பள்ளி மாணவர்களிடம் கேட்டுக் கணக்கு எடுத்து வருகிறார்கள். பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களில், கடந்த ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு போதைப்பொருளைத் தொட்டவர்கள் 1979-ல் 100-க்கு 54 பேர். 1992-ல் அது 27 ஆகக் குறைந்தது. பாதி!

ஆனால் அவசரப்பட்டு எந்திரத்துக்கு மாலை போட்டுவிட முடியாது. இறங்குமுகம் 1989-க்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1992-க்குப் பிறகு எண்ணிக்கை மறுபடியும் ஏறி, 1997-ல் 42 பேர் ஆனது. அந்த வருடங்களிலும் திரையில் அதே நீல நிறம், அதே முத்திரை ஓடிக்கொண்டுதான் இருந்தன.

போலீசார் வகுப்பு எடுத்த திட்டத்தையும் ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் அலசிப் பார்த்தார்கள். போதைப்பழக்கத்தைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பலன் இல்லை என்று எழுதினார்கள். 1998-க்குப் பிறகு அமெரிக்க அரசாங்கம் 100 கோடி டாலருக்கு மேல் கொட்டி நடத்திய விளம்பர இயக்கத்துக்கும் அதே கதிதான். அது இளைஞர்களைத் தடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்று 2006-ல் அரசாங்கத் தணிக்கை அலுவலகமே சொன்னது. அத்தனை டாலர் செய்யாததை, காசு போடுவதற்கு முன் வந்து போகிற ஒரு வரி செய்திருக்கும் என்று நம்ப ஆசைதான். அந்த ஒரு வரியாவது செலவு இல்லாமல் போனது.

குப்பைக்கும் ஒரு வரி

போதைப்பொருளோடு நிற்கவில்லை. 1992 வாக்கில் வந்த சில ஆட்டங்களில் இன்னொரு வாசகமும் வந்தது. குப்பையில் எறியாதே, மறுபடி பயன்படக் கொடு என்பது அதன் பொருள். இதற்குக் கையெழுத்து, சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவின் தலைவர் வில்லியம் ரெய்லி. அவர் 1993 ஜனவரியில் பதவியை விட்டுப் போனார்.

செஷன்ஸ் கதை அப்படி முடியவில்லை. அவர் டெக்சாசில் நீதிபதியாக இருந்தவர். 1987-ல் ரீகன் அவரை எப்.பி.ஐ. டைரக்டர் ஆக்கினார். பத்து வருடப் பதவி. அரசாங்க விமானத்தைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினார், அரசாங்கச் செலவில் வீட்டுக்கு வேலி போட்டுக்கொண்டார் என்று அவர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார். பதவி விலகவும் மறுத்தார். 1993 ஜூலை மாதம் ஜனாதிபதி கிளிண்டன் அவரை நீக்கினார். எப்.பி.ஐ. சரித்திரத்தில் பதவி நீக்கம் ஆன முதல் டைரக்டர் அவர்தான். இரண்டாவது நபருக்கு 2017 வரை காத்திருக்க வேண்டி இருந்தது.

ஆபீசில் பெயர்ப் பலகையை மறுநாளே கழற்றிவிடலாம். எந்திரத்தில் முடியாது. ஆட்டம் முழுவதும் அழியாத சில்லுகளில் பதிந்து இருக்கிறது. சில்லைப் பிடுங்கி மாற்றினால்தான் உண்டு. யார் அதற்காகச் செலவு செய்வார்கள்? வேலை போன டைரக்டர், வேலை போன பிறகும், நாடு முழுக்க உள்ள கடைகளில் பையன்களுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டே இருந்தார்.

இல்லாத எந்திரத்தின் கதை

அமெரிக்க அரசாங்கத்தையும் இந்த எந்திரங்களையும் சேர்த்து ஒரு கட்டுக்கதையும் உண்டு. 1981-ல் போர்ட்லாண்டு நகரத்தில் "பாலிபியஸ்" என்ற கறுப்பு நிற எந்திரம் இருந்ததாம். ஆடியவர்களுக்குத் தலைவலியும் கெட்ட கனவும் வந்ததாம். கறுப்புக் கோட்டு ஆசாமிகள் வந்து காசை எடுக்காமல் எதையோ குறித்துக்கொண்டு போனார்களாம். அப்படி ஒரு எந்திரம் இருந்ததற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. கதை பரவியதே 2000-ம் ஆண்டை ஒட்டித்தான். மறைந்து இருந்து அரசாங்கம் ஏதோ செய்தது என்ற கதையை நம்பத் தயாராக இருந்தவர்கள், பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டு அது சொன்னதை எத்தனை பேர் படித்தார்களோ!

1990-களில் மும்பை, பெங்களூர் வீடியோ கேம் கடைகளில் நின்றவர்களுக்கு "முஸ்தபா" ஆட்டம் மறந்திருக்காது. அதன் உண்மைப் பெயர் "கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்". 1993-ல் வந்தது. அதில் வரும் நால்வரில் மஞ்சள் தொப்பிக்காரர் முஸ்தபாவின் பெயரையே நம் பையன்கள் ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். "ஸ்ட்ரீட் பைட்டர்-2" தயாரித்த அதே காப்காம் கம்பெனிதான் அதையும் தயாரித்தது.

அந்த எந்திரங்கள் இன்று பழம்பொருள் சேர்ப்பவர்களின் வீடுகளில் இருக்கின்றன. பழைய சில்லுகளில் உள்ளதை அப்படியே எடுத்துக் கம்ப்யூட்டரிலும் ஆடுகிறார்கள். செஷன்ஸ் 2020 ஜூன் மாதம் தமது 90-வது வயதில் காலமானார். "பைனல் பைட்" ஆட்டத்தின் ஜப்பான் பதிப்பைப் போட்டால் முத்திரை வராது. அமெரிக்கப் பதிப்பைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால், திரை நீல நிறம் ஆகிறது. அவர் பெயர் வருகிறது. காசு போட்டதும் மறைந்து விடுகிறது.